தண்ணீருக்கு விட்ட ஒன்றரை அடி

அவருடைய வண்டியின் பிரேக் ஷூ ஆறு வருடம் தேயவில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த மெக்கானிக் ஒருநாள் பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இது வண்டியோடு வந்த ஷூவா என்று கேட்டார். ஆமாம் என்றார் இவர். பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்ததைச் சொல்லும் தகப்பனின் முகம் அப்போது அவருக்கு. மெக்கானிக்குக்குத் தன் கைக்கு வரவேண்டிய வேலை வராமல் போன வருத்தம். தினமும் அந்த வண்டியின் பின்சீட்டில் உயிரைப் பிடித்துக்கொண்டு போகிறவன் நான். என் வருத்தத்தை யாரும் கேட்கவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையில் அவர் கிரேன் ஆபரேட்டர். நான் அதே ஆலையின் வாசலில் லாரிகளுக்கு எடை எழுதுகிறவன். இரண்டு பேருக்கும் ஒரே தெரு, ஒரே ஜெனரல் ஷிப்ட். எனக்கு வண்டி ஓட்ட வராது. அதைச் சொல்ல வெட்கப்பட்ட காலம் ஒன்று உண்டு. அவர் பின்னால் நான்கு வருடம் உட்கார்ந்த பிறகு, வராததே நல்லது என்று தோன்றிவிட்டது. இப்போது தேர்வாய் கண்டிகையில் வேறு வேலை, கம்பெனி பஸ். பஸ் ஒவ்வொரு வேகத்தடையின் மேலும் நேராக ஏறி நேராக இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் எனக்கு அவர் ஞாபகம் வருகிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை. அதே தெருவில்தான் இன்னும் இருக்கிறார், பார்த்தால் முகம் கொடுத்துப் பேச வேண்டும்.

வழி கண்டுபிடிப்பதுதான் அவர். வேறு எதைச் சொன்னாலும் அதற்குப் பிறகுதான். சென்னைக்குப் போகும் மின்சார ரயிலில் எந்தப் பெட்டியின் கதவு நடைமேடையின் எந்தத் தூணுக்கு எதிரே வந்து நிற்கும் என்று அவருக்குத் தெரியும். கல்யாணப் பந்தியில் நாங்கள் எல்லோரும் சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று பாயசம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவர் கைகழுவும் இடத்துப் பக்கமாக வந்து இலை முன்னால் உட்கார்ந்திருப்பார். எனக்கும் பக்கத்தில் ஒரு இடம் பிடித்து வைத்திருப்பார். அதையும் சொல்ல வேண்டும். தான் கண்ட வழியைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

"ரோடு போட்டவன் எங்கியாச்சும் ஒரு வழி வுட்டுத்தான் போட்டிருப்பான் தம்பி. பாக்குறதுக்குத்தான் கண்ணு வேணும். பிரேக்குன்றது வழி தெரியாதவன் புடிக்கிறது."

இதை வண்டி ஓட்டிக்கொண்டே, தலையைப் பின்னால் திருப்பிச் சொல்வார். எனக்கு அந்தத் தத்துவத்தைவிட அந்தத் திருப்பல்தான் பெரிய பேஜாராக இருக்கும்.

எங்கள் தெருவில் வேகத்தடை வந்த கதையைக் கேட்டால் ஆள் விளங்கிவிடும். மனை போட்டு விற்ற இடத்தில் வீடு கட்டிக் குடியேறியவர்களின் தெரு அது. பெரிய ரோட்டில் கம்பெனி பஸ்களும் லாரிகளும் முட்டிக்கொண்டு நிற்பதால், தொழிற்பேட்டைக்குப் போகிற மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லோரும் எங்கள் தெரு வழியாகத்தான் வெட்டிப் போவார்கள். எட்டு மணிக்கு மேல் கால் மணி நேரத்தில் நாற்பது ஐம்பது வண்டிகள், அநேகமாக எல்லாம் எங்கள் ஆலைக்காரர்களுடையவை. ஒருநாள் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிவந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் காலில் ஒரு வண்டி ஏறியது. எலும்பு முறிவு. தெருவே கொதித்துப்போய் பெரிய ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தது.

முதல் வரிசையில் உட்கார்ந்தவர் இவர். வேகத்தடை போட்டால்தான் எழுந்திருப்பேன் என்று சொன்னவரும் இவர்தான். அதில் பொய் இல்லை. அந்தக் குழந்தையை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் அவர்தான். மாவுக்கட்டு பிரிக்கும்வரை வாரம் தவறாமல் போய்ப் பார்த்தார்.

இரண்டு நாளில் தார் கொண்டுவந்து வேகத்தடை போட்டார்கள். இவர் சாயங்காலம் முழுக்கப் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தார். ஓரத்திலிருந்து ஓரம் வரை அடைத்துப் போட்டால் மழைத்தண்ணீர் தேங்கிப் பக்கத்து வீடுகளுக்குள் போகும் என்று எடுத்துச் சொன்னார். போன மழைக்கு இரண்டு வீட்டுக்குள் தண்ணீர் வந்தது உண்மை. அதனால் இடது ஓரத்தில், கால்வாயை ஒட்டி, ஒன்றரை அடி விட்டுவிட்டுப் போட்டார்கள்.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு அந்த ஒன்றரை அடிக்குள் முதலில் போன வண்டி எங்களுடையது. ஹேண்டிலை லேசாகச் சாய்த்து, இடது காலைத் தூக்கிக்கொண்டு, பிரேக்கைத் தொடாமல் நழுவினார்.

"தண்ணிக்கு வுட்ட வழி தம்பி. நாம இன்னா, தண்ணியவிட மட்டமா?"

சாயங்காலத்துக்குள் நாற்பது பேரும் கற்றுக்கொண்டார்கள். முன்பு தெரு அகலத்துக்குப் பரவிப் போன வண்டிகள் இப்போது வரிசையாக ஒரே ஓரத்தில் போயின. தெருவின் அந்தப் பக்கம் முழுக்க மூடிக் கிடந்த ஒரு அரிசி ஆலையின் சுவர். நடுவில் ஒரே ஒரு வீடு. அந்த வீட்டின் கேட்டைத் தாண்டினால் வேகத்தடை. அந்த வீட்டு அம்மா காலையில் போட்ட கோலத்தின் நடுவில் தினமும் ஒரு டயர் கோடு விழுந்தது. அந்த அம்மா இடைவெளியில் முதலில் இரண்டு செங்கல் வைத்தார். பிறகு ஒரு செம்பருத்தித் தொட்டி. கடைசியில் உடைந்த ஆட்டுக்கல்லையே உருட்டிக்கொண்டு வந்து வைத்துவிட்டார். இவர் ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தி, கோபமே இல்லாமல் அவற்றை எடுத்து ஓரமாக வைப்பார். தண்ணி போவணும்மா என்று பணிவாகச் சொல்வார். செம்பருத்தியை வெயில் படாத இடமாகப் பார்த்து வைத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாவுக்கு அதுதான் அதிகமாக எரிந்தது.

இதே மனிதரை ஆலைக்குள் பார்க்க வேண்டும். அங்கே தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும்; ஆள் நடக்க வேண்டிய இடம் அதற்குள்தான். தலைக்கு மேலே கிரேனில் டன் கணக்கில் கம்பிக் கட்டு தொங்கும்போது எவனாவது கோட்டைத் தாண்டி ஒரு கால் வைத்தால் போதும், இவர் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடிப்பார். கிரேனின் சைரன் கெட்டுக் கிடந்த ஒரு வருடத்தில் தொடங்கிய பழக்கம், சைரன் சரியான பிறகும் போகவில்லை. அந்த விசிலைக் கேட்டால் ஆலையில் இருக்கிற அத்தனை பேரும் நின்ற இடத்தில் நின்றுவிட வேண்டும். நின்று மேலே பார்க்க வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் அது.

ஒருமுறை மேனேஜரே செல்போனில் பேசிக்கொண்டு கோட்டைத் தாண்டிவிட்டார். விசில் வந்தது. மேனேஜர் கையை ஆட்டி, நீ வேலையைப் பார் என்றார். இவர் கிரேனை அப்படியே நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கால் மணி நேரம் உற்பத்தி நின்றது.

"கீழ ஆளு நின்னா லோடு நகராது சார். யாரா இருந்தாலும்."

மேனேஜர் கோட்டுக்குள் வந்த பிறகுதான் கம்பி நகர்ந்தது. சாயங்காலம் அதே மனிதர் பின்னால் உட்கார்ந்து, எதிர்த்திசையில், ஒரு தண்ணீர் லாரிக்கும் கரண்டு கம்பத்துக்கும் நடுவில் நான் வீடு வந்து சேர்ந்தேன். உள்ளே கோடு, வெளியே வெறும் பெயிண்ட். இதை ஒருநாள் அவரிடமே கேட்டேன். அங்கே மேலே லோடு தொங்குகிறது, இங்கே என்ன தொங்குகிறது என்று திருப்பிக் கேட்டார்.

பிறகு பச்சை ரோடு வந்தது. எந்தத் திட்டத்தில் என்று தெரியாது. ஒருநாள் அரிசி ஆலைச் சுவரை ஒட்டி ஐந்தடி அகலத்துக்குப் பச்சை பெயிண்ட் அடித்து, வெள்ளையில் ஒரு சைக்கிள் படம் வரைந்தார்கள். ரோட்டுக்கும் அதற்கும் நடுவில் முழங்கால் உயரத்துக்குச் சிமெண்ட் கட்டை. அந்த ஒரு வீட்டு கேட்டுக்கு எதிரே மட்டும் கட்டையில் திறப்பு. குறுக்கே கிடந்த வேகத்தடையையும் விடாமல் சேர்த்துப் பச்சை அடித்தார்கள். ஒன்றரை அடி அப்படியே இருந்தது. தெரு தொடங்குகிற இடத்தில், மோட்டார் சைக்கிள் பச்சைக்குள் போகக்கூடாது என்று இரண்டு இரும்புத் தூண் நட்டார்கள். முதல் வாரம் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டினார்கள். இரண்டாவது வாரம் யாரோ மிளகாய் காயவைத்தார்கள்.

மூன்றாவது வாரம் இவர் டேப்போடு வந்தார். தூண்களுக்கு நடுவில் இரண்டரை அடி. ஹேண்டிலை அளந்தார். நெற்றியைச் சுருக்கினார். பிறகு ஸ்பேனரை எடுத்து இடதுபக்கக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வண்டியைச் சாய்த்து உள்ளே விட்டார். போய்விட்டது. கண்ணாடி இல்லாமல் எப்படி அண்ணே என்று கேட்டேன். பின்னால் வருகிறவன் பிரேக் பிடிக்க மாட்டானா என்றார். ஆறு வருடமாக பிரேக் பிடிக்காதவர் மற்றவர்கள் மேல் வைத்திருந்த நம்பிக்கையை நினைத்து எனக்குக் கண் கலங்கியது.

ஒரே மாதத்தில் எங்கள் ஆலையின் வண்டி நிறுத்துமிடத்தில் வரிசையாக நின்ற வண்டிகள் எதற்கும் இடது கண்ணாடி இல்லை. கழற்றிய கண்ணாடிகளை எல்லோரும் சீட்டுக்கடியில் பத்திரமாக வைத்திருந்தார்கள். பச்சை ரோட்டில் ஜெனரல் ஷிப்ட் ஜம்மென்று போனது. சைக்கிள்காரர்கள் சிமெண்ட் கட்டைக்கு இந்தப் பக்கம், லாரிகளுக்கு நடுவில், தங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்த வருடம்தான் அவருடைய மகள் பதினொன்றாம் வகுப்புக்கு வந்தாள். ஒரே பெண். பள்ளிக்கு இருபத்தைந்து நிமிடம் நடப்பாள். பள்ளியில் அரசாங்க சைக்கிள் கொடுத்தார்கள். சீட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத சைக்கிளை அவள் தள்ளிக்கொண்டு தெருவுக்குள் வந்த சாயங்காலம், இவர் வேலைக்குப் போட்ட சட்டையாலேயே அதைத் துடைத்தார். மறுநாள் மெக்கானிக்கிடம் கொண்டுபோய், இரண்டு பிரேக்கையும் நன்றாக இறுக்கி வைக்கச் சொன்னார். மெக்கானிக் அவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

அதற்கடுத்த நாள் காலையில் நாங்கள் கிளம்பியபோது தூணுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டார். என்ன அண்ணே என்றேன். நாற்பது வண்டிகள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டி, சாய்ந்து சாய்ந்து பச்சைக்குள் போவதைக் கடைசி வண்டி வரை பார்த்தார். நூறு தடவை போன வழிதான். அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தார். அன்று சாயங்காலம் சைக்கிளில் சங்கிலி போட்டுப் பூட்டினார்.

அடுத்த வாரம் எடுத்துக்கொள் என்று மகளிடம் சொன்னார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். மூன்றாவது வாரம் அவள் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். கேன்டீனில் டீயை ஆறவிட்டுக்கொண்டு அதை என்னிடம் சொன்னார்.

"பச்ச ரோடு சைக்கிளுக்குத்தான நைனா போட்டாங்க, அப்பால இன்னான்னு கேக்குது தம்பி. எனக்கு வாயில ஒரு வார்த்த வரல."

வழி தெரியாமல் அவர் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மறுநாள் வேகத்தடையின் நட்டநடுவில் ஏறினார். எதிர்பார்க்காத என் முதுகெலும்பு அதை ஒரு வாரம் ஞாபகம் வைத்திருந்தது. அதற்கடுத்த நாள் முதல், தூண்களுக்கு நடுவில் வண்டியைக் குறுக்கே நிறுத்திக்கொண்டு நின்றார். பின்னால் வந்தவர்கள் இவர் ஏதோ புதுவழி அளக்கிறார் என்று நினைத்து மரியாதையாகக் காத்திருந்தார்கள். இது சைக்கிள் போகிற வழி என்று இவர் சொன்னபோது கொல்லென்று சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்காமல், "நீ காட்டுன வழிதாண்ணே" என்றான். இவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் நகரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் நான்கு நாள் தாமதமாகப் போய் லேட் மார்க் வாங்கினோம். என்னை ஏன் இறக்கிவிடவில்லை என்று இன்றுவரை தெரியாது.

இப்படியே தினமும் நிற்க முடியாது என்று அவருக்கே தெரிந்தது. ஆலையில் எழுதிக் கொடுத்து, கேட்டில் சீட்டு வாங்கி, ஒரு துண்டுக் கம்பி எடுத்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு தூணுக்கும் நடுவில் முழங்கால் உயரத்துக்கு அதை நட்டுச் சிமெண்ட் போட்டார். மகளின் சைக்கிளை வைத்து அளந்து நட்டது. சைக்கிளின் ஹேண்டில் கம்பிக்கு மேலே போகும், மோட்டார் சைக்கிளின் எஞ்சினும் கால்மிதியும் இடித்துக்கொண்டு நிற்கும். நல்ல யோசனை என்றேன். அவர் சந்தோஷப்படவில்லை. சிமெண்ட் கையோடு தெருவின் நடுப்பக்கம் பார்த்தார்.

"நாளைக்கு அந்த அம்மா ஊட்டு கேட்டாண்ட வருவானுங்க. கட்டையில அங்கதான் தெறப்பு கீது. சர்ருன்னு ஒடிச்சி உள்ள பூந்துருவானுங்க."

எப்படிச் சொல்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவராக இருந்தால் அப்படித்தான் போயிருப்பார். அந்தக் கண் அவரை விட்டுப் போகவில்லை. முன்பு ஒரு சந்து கண்டால் குஷியாவார். இப்போது ஒவ்வொரு சந்தும் அவரைத் தூங்கவிடவில்லை. அந்த வீட்டு அம்மாவிடம் போய்த் திறப்பை அடைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அந்த அம்மா துடைப்பத்தைக் கீழே வைக்காமலே பேசினார்.

"அடச்சிட்டா என் ஊட்டுக்கு நான் எப்பிடிப் போறது? எத்தினி நாளா என் கோலத்துல டயர ஏத்தினு போன. இப்பத்தான் ஒனக்குக் கண்ணு தெரியுதா?"

திங்கட்கிழமை காலை நான் அவர் வீட்டு வாசலுக்குப் போனபோது சங்கிலி தரையில் கிடந்தது. கம்பி நட்டாகிவிட்டது, இனி என்ன பயம் என்று மகள் சாவியை எடுத்து, அவர் குளிக்கப் போன நேரத்தில் கிளம்பிவிட்டாள். அவர் ஈரத் தலையோடு வெளியே வந்தார். ஏறு என்று மட்டும் சொன்னார்.

தெருமுனையைத் திரும்பியதும் அவளைப் பார்த்தோம். தூண்களைத் தாண்டிப் பச்சை ரோட்டில் தன்னந்தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். சிமெண்ட் கட்டைக்கு இந்தப் பக்கம் ரோட்டில் ஜெனரல் ஷிப்ட். எல்லோரும் கம்பியைப் பார்த்துத் திட்டிவிட்டு வந்தவர்கள், எல்லோரும் அவசரத்தில் இருந்தார்கள். முன்னால் போன ஒருவன், எங்கள் ஆலையில் உலைப் பக்கம் வேலை செய்கிறவன், கேட்டுக்கு எதிரே இருந்த திறப்பைப் பார்த்துவிட்டான். இடதுபுறம் ஒடிக்கத் தொடங்கினான். அவனுக்குப் பின்னால், இடதுபக்கத்தில், நாலு அடி தூரத்தில் சைக்கிள் வந்துகொண்டிருந்தது. ஒடிப்பதற்கு முன்னால் அவன் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தை ஒரு பார்வை பார்த்ததைக்கூட நான் பார்த்தேன். பழக்கம். அங்கே கண்ணாடி இல்லை.

கத்தினால் கேட்காத தூரம். நாற்பது வண்டிச் சத்தம். இவர் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார்.

தெரு நின்றது. எனக்குத் தெரிந்து அந்தத் தெருவில் நாற்பது பிரேக் ஒன்றாகப் பிடித்தது அன்றைக்குத்தான். எங்கள் வண்டியும் கிறீச்சிட்டு நின்றது. என் மூக்கு அவர் முதுகில் இடித்தது. முன்சக்கரத்தைத் திறப்புக்குள் வைத்திருந்த உலைக்காரன் அப்படியே உறைந்து நின்றான். நின்ற அத்தனை பேரும், ஹெல்மெட் போட்டவன் போடாதவன் எல்லோரும், தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார்கள். மேலே வெறும் வானம் இருந்தது.

மகள் மட்டும் நிற்கவில்லை. அவள் எங்கள் ஆலையில் வேலை செய்தவள் இல்லையே. எவனோ விசில் அடிக்கிறான் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல், அவனுடைய முன்சக்கரத்தைச் சாண் இடைவெளியில் தாண்டினாள். வேகத்தடை வந்தது. ஹேண்டிலை லேசாகச் சாய்த்தாள். இடது காலைத் தூக்கிக்கொண்டாள். ஒன்றரை அடிக்குள் நழுவி அந்தப் பக்கம் போனாள்.

பிறகு உலைக்காரன் மேலே பார்த்தபடியே கேட்டான்.

"இன்னாண்ணே, மேல ஒண்ணும் காணோமே?"

"இருந்திச்சி. தாண்டிடிச்சி" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "பாத்தியா தம்பி, பிரேக்கே புடிக்கல." மெக்கானிக்கிடம் தன் வண்டியைப் பற்றி ஆமாம் என்றபோது இருந்த அதே முகம்தான், இப்போது மகளைப் பற்றி. ஆனால் வண்டியை நகர்த்தாமல் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே நின்றார். கேட்டுக்குள் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அந்த வீட்டு அம்மா, ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் அவர் வண்டியில் இடது கண்ணாடி இருந்தது. உலைக்காரனும் மாட்டிக்கொண்டான். மற்றவர்களில் பாதிப் பேர் மாட்டினார்கள், பாதிப் பேர் வேறு தெரு பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நான் அந்த ஆலையில் இருந்தவரைக்கும், தினமும் காலையில் மகள் பச்சையிலும் அவர் ரோட்டிலுமாக, சைக்கிள் வேகத்துக்கு மோட்டார் சைக்கிளை அடக்கிப் பிடித்துக்கொண்டு பள்ளி வாசல் வரை போவார். முதல் கியர், கால் பிரேக்கின் மேலேயே. பின்னால் ஹாரன் அடித்தவர்களின் வசவை நானும் பங்குபோட்டுக்கொண்டேன்.

ஆறு மாதம் கழித்து வண்டி சத்தம் போடுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கிடம் போனோம். மகளும் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்திருந்தாள். மெக்கானிக் பின்சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்து தகடாகிப் போன ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற சைக்கிளை ஒரு பார்வை பார்த்தார். அதன் பிரேக் கட்டைகள் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தன.